தாய்க் கொட்டாரம்

பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு வருஷத்தில் பாதி நாள் விடுமுறை என்பது உலகத்தாரின் உறுதியான நம்பிக்கை. அதைக் கெடுக்க நான் விரும்பவில்லை. ஆயினும் காலாண்டு விடுமுறையில் வீட்டுக்குள் அடைந்து விடைத்தாள் திருத்தியவர்களுக்குத்தான் அந்த விடுமுறையின் ருசி தெரியும். இந்தத் தடவை தாள்களை மூன்றே நாளில் திருத்தி முடித்துவிட்டு, மிஞ்சிய நான்கு நாட்களுக்கு எங்கேனும் கிராமப்புறமாகப் போய் வருவதென்று தீர்மானித்தேன். மலைக்குப் போகலாம் என்றாள் என் மனைவி. கடலுக்குத்தான் போக வேண்டும் என்றாள் மகள். மதுரையில் பிறந்து வைகை மணலையே பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடலென்றால் ஒரு சபலம் இருப்பது சகஜம். இந்த வழக்கைத் தீர்த்து வைத்தவர் எங்கள் பள்ளியில் கணக்குப் போதிக்கும் நண்பர்.

"எங்கள் ஊருக்கு வாருங்கள், ஸார். தக்கலைக்குப் பக்கம். மலை வாசலிலேயே இருக்கிறது, கடலும் தூரமில்லை. பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிடலாம். எனக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது" என்றார்.

அந்த வேலை இன்னதென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திருநெல்வேலியைத் தாண்டிய பிறகு வெகு தூரம் பனையும் உடைமுள்ளும் செம்மண்ணுமாகவே போகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது காற்று ஆளைத் தள்ளுகிறது. அந்தக் காற்றைக் காசாக்க நூற்றுக்கணக்கில் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். கணவாயைக் கடந்ததுதான் தாமதம், நாடகத்தில் திரை மாறினாற்போல் வயலும் தென்னையும் தாமரைக் குளமுமாகக் காட்சி மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் வந்து போகிற சீமை அது. இந்த மழையை நேயர்கள் மறந்துவிடக் கூடாது. அங்கே வீடு கட்டிய தச்சர்களுக்கு முதல் எஜமான் மழைதான். ராஜா இரண்டாவது எஜமான்.

அரண்மனை வாசலில் நின்றதும் என் மகளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "இதுவா அரண்மனை?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிசகில்லை. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைக் கட்டிப் பிடிக்க முயன்று தோற்ற குழந்தை அவள். இங்கே கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சரிவான ஓட்டுக் கூரையும், மர முகப்பும், கொஞ்சம் வசதியான பண்ணையார் வீட்டுக்கு இருக்கக்கூடிய ஒரு வாசலுந்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே போக வேண்டும்.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. பூமுகம் என்ற அந்த முன் கூடத்தின் விதானம் முழுவதும் மரத்தில் மலர்கள். தொண்ணூறு வகை என்கிறார்கள். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அதன் நடுவிலிருந்து ஒரு சங்கிலியில் குதிரை வீரன் விளக்குத் தொங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அந்தப் பக்கமே நிற்கும்படி அதன் சங்கிலிக் கண்ணிகளைக் கோத்திருக்கிறார்கள். பக்கத்தில் சீன வியாபாரிகள் காணிக்கையாகக் கொடுத்த நாற்காலி ஒன்று. மாடியில் மந்திராலோசனைக் கூடம். அதன் சாளரங்களில் கண்ணாடிக்குப் பதிலாக வர்ண அப்பிரகத் தகடுகள் இருக்கின்றன. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மாலை மங்கியது போன்ற வெளிச்சமே வருகிறது. காற்று மட்டும் தாராளமாக வருகிறது. தரை கறுப்புக் கண்ணாடி போல் மின்னுகிறது. சுட்ட சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த தரை என்று சொன்னார், அங்கே நின்ற ஊழியப் பெண்மணி. "எத்தனை முட்டை?" என்று கேட்டாள் மகள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக, "அது எண்ணியவர் ஆருமில்லை, மோளே" என்றார்.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன், சரித்திரமே போதிக்கிறவன். குளச்சல் யுத்தத்தைப் பற்றி நான் மாணவனாகப் படித்த புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் கிடையாது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மன், 1741-ல் டச்சுக் கம்பெனியின் சேனையைக் குளச்சல் கடற்கரையில் முறியடித்தான். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை இந்திய அரசன் ஒருவன் தோற்கடித்து, அது மறுபடி அந்தப் பக்கம் தலை தூக்காமலே போனது சாதாரண விஷயமல்ல. 1750-ல் தன் ராஜ்யத்தையே பத்மநாப ஸ்வாமிக்கு அர்ப்பணம் செய்துவிட்டு, தாசனாக இருந்து ஆண்டதாகச் சொல்லிக்கொண்டவன் அவன். கல்குளம் என்ற பழைய ஊர் பத்மநாபபுரம் ஆனதும் அவன் காலத்தில்தான். உப்பரிகை மாளிகை என்ற நான்கு நிலைக் கட்டடத்தில் மேல் நிலை தெய்வத்தின் அறை. அதன் சுவர்களில் அருமையான ஓவியங்கள் இருக்கின்றன. அதற்கும் கீழேதான் ராஜாவின் படுக்கை. அறுபத்து நான்கு மூலிகை மரங்களால் செய்தது என்று ஒரு கட்டிலையும் காட்டுகிறார்கள்.

ஆனால் அந்தக் குளிர்ந்த தரையில் நிற்கும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இதே அரண்மனையில் ஊழியம் பார்த்த நீலகண்ட பிள்ளை என்பவர் 1745-ல் கிறிஸ்தவராகித் தேவசகாயம் எனப் பெயர் பெற்றார். பல வருஷச் சிறைக்கும் சித்திரவதைக்கும் பிறகு, 1752-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் ரோமாபுரியில் போப்பாண்டவர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அப்பிரகச் சாளரத்தின் அழகைப் பாராட்டுகிறவர்கள் அதன் பின்னால் உட்கார்ந்து எழுதப்பட்ட கட்டளைகளையும் மறக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

மொத்த அரண்மனையிலும் என் மனத்தைக் கவர்ந்தது மந்திராலோசனைக் கூடமல்ல. ஆயிரக்கணக்கானவர்கள் பந்தியில் உட்காரக் கூடிய நீண்ட ஊட்டுப்புரையுமல்ல. பின்னால் ஒதுங்கி நிற்கும் தாய்க் கொட்டாரந்தான். கொட்டாரம் என்றால் அந்தச் சீமையில் அரண்மனை. இது அரசனின் தாயார் இருந்த வீடு. அங்கேயுள்ள கட்டடங்களில் மிகப் பழையது. 1550-ஐ ஒட்டிக் கட்டியது என்கிறார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். நான்கு பக்கமும் தாழ்வாரம். மழை பெய்தால் நான்கு கூரை நீரும் முற்றத்தில் விழுந்து வடிந்து போகும். ஒரு மூலையில் பலா மரத்தால் ஆன தூண் ஒன்று, அடி முதல் நுனி வரை கொத்து வேலையுடன் நிற்கிறது.

தாயார் வீடு முதலில் வந்து, ராஜாவின் மாளிகைகள் அதைச் சுற்றிப் பிறகு வளர்ந்தன என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. திருவிதாங்கூரில் அரசுரிமை மருமக்கள் வழியில் வந்தது. தகப்பனுக்குப் பின் மகனல்ல, மாமனுக்குப் பின் சகோதரியின் மகனே ராஜா. மார்த்தாண்ட வர்மனே தன் மாமனுக்குப் பின் அப்படி வந்தவன்தான். முந்தைய அரசரின் புதல்வர்களான தம்பிமார் பட்டத்துக்குப் போட்டியிட, அதனால் விளைந்த கலகம் அந்த நாட்டுக் கதைப் பாட்டுக்களுக்கெல்லாம் விஷயமாயிற்று. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. அதனால் மனைவி மக்கள் பட்ட துன்பத்தைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மருமக்கள் வழி மான்மியமாகப் பாடிச் சிரிக்கவும் அழவும் வைத்தார். 1926-ல் சட்டம் வந்து மக்கள் வழிக்கு இடமளித்தது. குடும்பச் சொத்தும் பாகமாகத் தொடங்கியது. இதை நான் என் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது கணக்கு நண்பர் ஒன்றும் பேசாமல் அந்தப் பலாத் தூணைத் தடவிக்கொண்டு நின்றார்.

1795-ல் ராஜதானி திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அதுவே இந்த வீட்டுக்கு நல்ல காலம் என்று எனக்குத் தோன்றுகிறது. ராஜாக்கள் இங்கேயே இருந்திருந்தால் ஒவ்வொருவரும் தம் காலத்து நாகரிகப்படி கண்ணாடிக் கதவும் இத்தாலியச் சலவைக் கல்லும் கொண்டுவந்து பழைய தச்சு வேலையை மூடியிருப்பார்கள். யாரும் வசிக்காததால் பழைமை பிழைத்தது. ஆனால் யாரும் வசிக்காத மர வீடு கறையானுக்கு இரையாகாமல் நிற்பது எப்படி?

அதற்கு விடை வாசற் பலகையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி ஜில்லா நம்முடன் சேர்ந்தது. ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்பொருள் இலாகாவிடமே இருக்கிறது. துடைப்பதும், மெருகேற்றுவதும், ஓடு மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு. எங்களுக்கு முன்னால் போன ஒரு பெரியவர், "நம் மண்ணில் அவர்களுக்கு என்ன வேலை?" என்று உரத்த குரலில் கேட்டுக்கொண்டு போனார். தமிழபிமானத்தில் நான் அவருக்குக் குறைந்தவனல்ல. ஆனால் எனக்கு எங்கள் மதுரை ஞாபகம் வந்தது. திருமலை நாயக்கர் கட்டிய மகாலை அவருடைய பேரர் சொக்கநாதரே பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு போனார். மிஞ்சியது இடிந்து கிடக்க, சென்னை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு வந்து பழுது பார்க்க வேண்டியிருந்தது. உரிமை கொண்டாடுகிறவன் வேறு, ஓட்டைப் பார்த்து ஓடு மாற்றுகிறவன் வேறாக இருக்கும்போது, நான் இரண்டாமவன் பக்கம் சாய்கிறவன்.

அரண்மனையை ஒட்டிச் சரஸ்வதி கோயில் இருக்கிறது. கம்பர் பூசித்த சரஸ்வதி என்பது ஐதிகம். நவராத்திரி சமயத்தில் கலைமகள் சந்நிதிக்கே போகிறோம், உபாத்தியாயனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பெருமையுடன் போனேன். அம்மன் வீட்டில் இல்லை! நவராத்திரிக்குத் தலைநகரம் போயிருந்தாள். வருஷந்தோறும் சரஸ்வதி யானை மீதும், வேளிமலை முருகன் வெள்ளிக் குதிரையிலும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் திருவனந்தபுரம் எழுந்தருள்கிறார்கள். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளைக் கை மாற்றிக் கொடுத்து ஊர்வலத்தைத் தொடங்குகிறார்கள். களியக்காவிளை எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸார் மரியாதை செய்து அனுப்ப, கேரளப் போலீஸார் மரியாதை செய்து அழைத்துக்கொள்கிறார்கள். பூஜை முடிந்ததும் அம்மன் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுகிறாள்.

மறு நாள் உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். தோட்டத்துக்குத் தோட்டம், சரித்திரத்துக்குச் சரித்திரம். கோட்டைக்குள் வன இலாகா இப்போது பல்லுயிர்ப் பூங்கா வைத்திருக்கிறது. வெட்டிச் சீராக்கிய புல்வெளியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றந்தான். வேரும் விழுதுமாக மரங்கள் நிற்கின்றன. சருகு காலில் நொறுங்குகிறது. குரங்குகள் நம்மை வேடிக்கை பார்க்கின்றன. அந்த நிழலின் நடுவே கூரையில்லாத ஒரு மாதாகோயில். அங்கேதான் டிலனாய் அடக்கமாகியிருக்கிறார். குளச்சலில் டச்சுக்காரர்களுக்காகப் போரிட்டுச் சிறைப்பட்ட அந்தத் தளபதியை மார்த்தாண்ட வர்மன் தன் சேனையிலேயே சேர்த்துக்கொண்டான். அவர் நாயர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். இந்தக் கோட்டையில் பீரங்கி வார்த்தார். வலிய கப்பித்தான் என்ற பட்டத்துடன் 1777-ல் இங்கேயே காலமானார். மனைவியும் மகனும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. பகைவனாக வந்தவனுடைய வாழ்க்கையைத் தமிழில் செதுக்கி வைத்த அந்தக் கல்லை என் மகள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள்.

இரண்டு இரவும் நாங்கள் தங்கியது நண்பருடைய குடும்ப வீட்டில். அந்த மாதிரி வீட்டை அங்கே அறைப்புரை என்கிறார்கள். நெல்லும் பொருளும் வைக்கும் பலகை அறை நடுவிலே; அதைச் சுற்றித்தான் வீடு. சுவரைவிட மரமே அதிகம். முதல் நாளே எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டாயிற்று. அரண்மனையில் பார்த்த அதே முற்றம், அதே தாழ்ந்த நிலை, அதே கறுத்துக் குளிர்ந்த தரை. அளவுதான் சிறிது. ராஜாவுக்கும் குடியானவனுக்கும் ஒரே தச்சு சாஸ்திரந்தான் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பின்புறம் தோட்டம். பலா, அயினி, புளி, முருங்கை. பலாவில் ஏறிய மிளகுக் கொடி. கிணற்றடியில் மட்டி வாழை. வரிசை என்பதே கிடையாது. நண்பரின் தமக்கையார் அதில் ஒவ்வொரு மரத்தின் வயதையும் அதை வைத்தவர் பெயரையும் சொல்வார்.

அவருக்கு வயது அறுபதுக்கு மேல். கணவர் காலமான பிறகு தனியாக அந்த வீட்டில் இருக்கிறார். "வா மக்களே, காலைக் கழுவிக்கிட்டு வா" என்று என் மகளை அழைத்துக்கொண்டு போனவர், புறப்படும் வரையில் அவளை எங்களிடம் திருப்பித் தரவில்லை.

நண்பரின் வேலை என்னவென்பது இரண்டாம் நாள் சாயங்காலம் தெரிந்தது. தூண்களிலும் நிலைகளிலும் சாக்குக் கட்டியால் எண்கள் எழுதியிருந்தன. சாக்குக் கட்டி எனக்குப் பழக்கமான ஆயுதம். ஆதலால் கண்ணில் பட்டது. மர வியாபாரி ஒருவர் வந்து எண்ணிவிட்டுப் போயிருக்கிறார். மண்ணுக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை. சகோதரர்கள் மூவர். மூத்தவர்கள் இருவரும் வெளியூரில். வீட்டை விற்றுப் பாகம் பிரிக்கச் சம்மதித்துவிட்டார்கள். தமக்கைக்கும் சமபங்கு தருவதாகச் சொல்லுகிறார்கள். நண்பர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"ஏன் ஸார், இதைக் காப்பாற்ற வழியே இல்லையா?" என்றேன்.

"அரண்மனைக்கு ஒரு சர்க்கார் இருக்கிறது. ஆள் வைத்து ஓடு மாற்றுகிறது. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. கழுக்கோல் இற்றால் செய்து கொடுக்கத் தச்சன் கிடைப்பதில்லை. அக்காளுக்கு முழங்கால் வலி. ராத்திரி விழுந்துவிட்டால் பார்க்க ஆளில்லை. என் பெண்ணை மேலே படிக்க வைக்க வேண்டும்."

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாடகை வீட்டில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவன், பிறத்தியாருடைய பரம்பரை வீட்டைக் காக்கும்படி உபதேசிப்பது சுலபம். கானாடுகாத்தானில் செட்டிநாட்டு மாளிகைகளை விடுதிகளாக்கிப் பிழைக்க வைத்திருக்கிறார்களே என்றேன். "இந்தச் சந்துக்கு யார் வருவார்கள்?" என்றார். அதே செட்டிநாட்டில், காரைக்குடிக் கடைகளில், பிரித்த வீடுகளின் கதவும் தூணும் சாத்தி வைத்து விற்கிறதையும் நான் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லவில்லை. சென்னைக்குப் பக்கம் முட்டுக்காட்டில் 1996 முதல் நடக்கும் தட்சிணசித்ராவில் பழைய வீடுகளை அப்படியே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பொருத்து வேலையால் நிற்கும் மர வீட்டை அப்படிச் செய்ய முடியும். இதைச் சொன்னபோது நண்பர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கே எழுதிக் கேட்க வேண்டும் என்று விசாரித்தார். உட்புறமிருந்து தமக்கையார் குரல் வந்தது:

"வீட்டைக் கொண்டு போய் வைப்பாங்க. கிணற்றையும் பலாவையும் எங்க கொண்டு வைப்பாங்க, தம்பி?"

மறு நாள் சரஸ்வதி பூஜை. விடியற்காலையில் எழுந்து பார்க்கையில் தமக்கையார் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் கையில் பழந்துணியுமாக, தூண்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வருஷந்தோறும் பூஜைக்கு முன் செய்கிற காரியமாம். என் மகளும் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். எண்ணெய் பட்ட இடத்திலெல்லாம் எண்கள் மங்கிப் போயிருந்தன.

"அக்கா, அவர் எண்ணிவிட்டுப் போனதை அழிக்க வேண்டாமென்று அண்ணன் சொன்னாரே" என்றார் நண்பர்.

"நான் எங்க அழிச்சேன்? எண்ணெய் தான் போட்டேன். எண்ணெய் போடாண்டாம்னு அவன் சொல்லலியே" என்று அடுத்த தூணுக்குப் போனார் அந்த அம்மாள்.

படிப்புரைத் திண்ணையில் எங்கள் மூட்டைகள் இருந்தன. ஒரு சீப்பு மட்டிப் பழமும், பலாக்காய் அப்பளக் கட்டு ஒன்றும் அவற்றுடன் சேர்ந்தன. மகளுடைய கணக்குப் புத்தகம் பூஜையில் இருந்தது; அதை மறு நாள்தான் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். நண்பர் தம்முடன் மதுரைக்குக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். நாங்கள் படியிறங்கும்போது அவர் கைப்பேசியில் மூத்த சகோதரருடன் பேசிக்கொண்டிருந்தார். "தீபாவளி கழியட்டும், அண்ணா. நானே இரண்டு இடத்துக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன்" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. தக்கலை பஸ் வந்துவிட்டது.